பொட்டுக்கடலை டப்பாவில் இருந்த சீல்

திருப்பதியில் ஒரு தனியார் டிகிரி கல்லூரியில் நான் பொருளாதாரம் நடத்துகிறேன். பெயர் சிவசங்கரன், சொந்த ஊர் நகரி. ஒப்பந்த வேலை. ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப்பித்தால்தான் உண்டு. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்த கோழைத்தனத்துக்கெல்லாம் இந்த ஜூன் மாதத்தைத்தான் சாக்குச் சொல்லப் போகிறேன். மற்றபடி இது என் கதை இல்லை. எருக்கமேடு சுலோசனாவின் கதை.

எங்கள் பிள்ளைகள் பட்டம் வாங்க வேண்டுமென்றால் கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய் நூற்றெண்பது மணி நேரம் சமூக சேவை செய்தாக வேண்டும். வீடு வீடாகப் போய் சர்வே எடுத்து, ஊரில் ஒரு குறையைக் கண்டுபிடித்து, அதற்குத் தங்களால் ஆனதைச் செய்து, தினமும் லாக் புத்தகத்தில் எழுதி, பஞ்சாயத்து சீல் வாங்கி, கடைசியில் தடிமனாக ஒரு ரிப்போர்ட் கட்டிக் கொடுக்க வேண்டும். இதை யோசித்தவர் நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் பிள்ளைகளைப் பார்த்ததில்லை. எங்களையும் பார்த்ததில்லை.

நடப்பது என்ன? முதலில் பேனர் தயாராகும். அப்புறம் தொப்பி. ஊர் எது என்பது கடைசியில்தான் முடிவாகும். பையில் ஆளுக்கு நான்கு சட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். சட்டை எதற்கு என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. ஒரே மத்தியானத்தில் நான்கு சட்டை மாற்றி நான்கு நாள் போட்டோவை எடுத்துவிட்டு, சாயங்காலம் திருப்பதிக்குத் திரும்பி சினிமாவுக்குப் போவார்கள். இப்படி நாலைந்து முறை போனால் நூற்றெண்பது மணி நேரம் முடிந்தது. காலேஜில் நாங்கள் சொல்லிக் கொடுக்காமலே அவர்களாகக் கற்றுக்கொண்ட ஒரே பொருளாதாரம் அதுதான்.

எருக்கமேட்டில் பஞ்சாயத்து ஆபீசுக்கு முன்னால் ஒரு குழி இருக்கிறது. ஐந்து வருஷமாக, வெவ்வேறு கல்லூரிப் பிள்ளைகள், அந்த ஒரே குழியில்தான் மரக்கன்று நட்டிருக்கிறார்கள். நட்டு, போட்டோ எடுத்து, கை கழுவிக்கொண்டு போவார்கள். ஆடு வந்து தின்னும். அடுத்த கூட்டம் வந்து அதே மண்ணைத் தள்ளிவிட்டு அதே இடத்தில் நடும். காலேஜ் பேனரைப் பார்த்தாலே ஆடு எழுந்து நின்றுவிடும் என்று சுலோசனா சொல்வாள். அந்த ஆட்டுக்கு மட்டும்தான் எங்கள் சேவையால் பலன்.

எருக்கமேடு, புத்தூருக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவில் இருக்கிறது. நெல், வேர்க்கடலை. வீட்டில் பேசுவது தமிழ், ஆபீசில் பேசுவது தெலுங்கு. ஊரை ஒட்டி ஒரு கால்வாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு வீடு, அதில் ஒன்று சுலோசனாவுடையது. கால்வாய்ப் பாலம் ஒரு மழையில் போனது. அன்றிலிருந்து ஒரு தென்னை மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். அதன் மேல்தான் போக வேண்டும், அதன் மேல்தான் வர வேண்டும்.

சுலோசனாவுக்கு நாற்பத்திநான்கு வயது. பிறந்தது சத்தியவேடு பக்கம். தமிழ் மீடியத்தில் ஐந்தாவது வரை படித்தாள். ஆறாவதுக்குத் தெலுங்கு மீடியம் பள்ளிதான் பக்கத்தில் இருந்தது, அதோடு நின்றாள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். தெலுங்கில் சரளமாகப் பேசுவாள், அதைவிடச் சரளமாகத் திட்டுவாள், படிக்க மட்டும் ஒரு எழுத்து வராது. புருஷன் பழனி திருச்சானூரில் ஒரு லாட்ஜில் ரூம் சுத்தம் செய்கிறான், பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவான். சாமி கும்பிட வந்தவர்கள் மூடாமல் போன குழாய்களை மூடுவதே அவனுக்குப் பாதி வேலை என்று அவள் கேலி செய்வாள். கேலிதான், ஆனால் அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு இருக்காது.

பஞ்சாயத்து ஆபீசுக்கு எதிரே அவளுக்கு ஒரு இட்லிக் கடை. தகர ஷெட், இரண்டு பெஞ்சு. குடிதண்ணீர் தெருக்குழாய் ஊருக்கு இந்தப் பக்கம். அரிசி ஊறவைப்பதும் மாவு அரைப்பதும் பாத்திரம் கழுவுவதும் அந்தப் பக்கம், வீட்டில். ஆகவே தினமும் விடிந்ததும் இடுப்பில் ஒன்று தலையில் ஒன்றாகக் குடம் வைத்துக்கொண்டு ஆறு நடை தென்னை மரத்தைத் தாண்ட வேண்டும். தண்ணீராக அந்தப் பக்கம் போனது மாவாக இந்தப் பக்கம் திரும்பி வரும். பதினான்கு வருஷமாக இப்படி. அவளுடைய இடது முட்டி தேய்ந்துபோனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? இனிமேல் குடம் தூக்கினால் ஆபரேஷன்தான் என்று புத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். தூக்காவிட்டால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் திருச்சானூருக்குப் போய்ப் பழனியோடு லாட்ஜ் போர்வை துவைக்க வேண்டும். "சாவற வரைக்கும் ஊரான் அழுக்கைத் தொவைக்க மாட்டேன்" என்பாள். வீட்டு வாசலில் ஒரு குழாய் வந்தால் போதும், அவளுக்கு வேறு ஒரு வேண்டுதலும் கிடையாது.

இனி சீல் விஷயம். பஞ்சாயத்து செக்ரட்டரி சிட்டிபாபுவுக்கு மூன்று ஊர். எருக்கமேட்டுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். வந்தாலும் ஆபீசைத் திறக்கமாட்டார், சுலோசனா கடை பெஞ்சுதான் ஆபீஸ். ஆபீஸ் சாவியும் பீரோ சாவியும் எப்போதோ தொலைந்துபோயின. சீலைப் பையில் வைத்தால் மை கசிந்து சட்டை பாழாகிறது. ஆகவே சீலையும் மைப்பெட்டியையும் அவளிடமே கொடுத்துவிட்டார். அவள் அதைப் பொட்டுக்கடலை டப்பாவில் போட்டு வைத்தாள். கடையிலேயே எறும்பு ஏறாத டப்பா அது ஒன்றுதான். ஒரு பஞ்சாயத்தின் மொத்த அதிகாரமும் சட்னிக் கடலையோடு கடலையாகக் கிடந்தது.

"காலேஜ் பசங்க வந்தா நீயே குத்திக் குடுத்துடுக்கா. அதுல ஏமீ லேது, ஒண்ணும் இல்ல, சும்மா காயிதம்" என்று சிட்டிபாபு சொல்லியிருந்தார்.

"பக்கத்துல சந்தகம் கேக்குறாங்களே சார்?" சந்தகம் என்றால் தெலுங்கில் கையெழுத்து.

"ஏதோ ஒண்ணு கிறுக்கு. எவரு சூஸ்தாரு?"

யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டார். அதில் மட்டும் அவர் சொன்னது சத்தியம். சுலோசனாவுக்குக் கிறுக்கத் தெரியாது. தனக்குத் தெரிந்த எழுத்தைக் குண்டுகுண்டாக, தமிழில் 'சு' என்று போட்டாள். ஐந்து வருஷம், இருநூறு லாக் புத்தகம். சிட்டிபாபு என்கிற தெலுங்கு அதிகாரி எதற்காகத் தமிழில் 'சு' என்று கையெழுத்துப் போடுகிறார் என்று எந்தக் கல்லூரியிலும் எந்தப் பேராசிரியரும் கேட்கவில்லை. எனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். நானும் கேட்கவில்லை.

போன வருஷம் மே மாதம் ஸ்ரீஹரியின் தலைமையில் ஐந்து பேரை எருக்கமேட்டுக்கு அனுப்பினேன். ஸ்ரீஹரி கெட்டிக்காரன், மேடையில் ஏறினால் இறங்கமாட்டான், எந்தக் கூட்டத்துக்கும் அவன்தான் நன்றியுரை. தலைப்பு, 'கிராமத்தில் குடிநீர் வசதி'. ஊருக்குள் நாற்பது வீட்டில் கேட்டார்கள். கால்வாய்க்கு வந்தார்கள். தென்னை மரத்தைப் பார்த்தார்கள். தங்கள் வெள்ளை ஷூவையும் பார்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்து சுலோசனா கடையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே மிச்சம் பன்னிரண்டு வீட்டுப் படிவத்தையும் போனிலேயே நிரப்பிவிட்டார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒரு வீட்டுக்காரி அவர்களுக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளையாவது கேட்டிருக்கலாம்.

"வெயில்ல வந்துக்கினு கீதுங்களே, பாவம்னு ரெண்டு இட்லி சேத்துப் போட்டேன் சார்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். லாக் புத்தகத்திலும் ரிப்போர்ட்டிலும் கேட்ட இடத்திலெல்லாம் சீல் குத்தி, 'சு' போட்டு அனுப்பினாள். நான் அந்த ரிப்போர்ட்டுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு போட்டேன். அட்டை நன்றாக இருந்தது. நேரில் சென்று சரிபார்த்தேன் என்று கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தும் இருந்தது. அதை எப்போது போட்டேன் என்று மட்டும் இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

இந்த வருஷம் ஏப்ரலில் எருக்கமேட்டுக்கு லாரி லாரியாக நீலக்கோடு போட்ட கருப்புக் குழாய் வந்து இறங்கியது. வீட்டுக்கு வீடு இணைப்பு. சுலோசனா தன் வாசலில் குழாய் வைக்க இடம் பார்த்து, துளசி மாடத்தை ஒரு முழம் நகர்த்தியே வைத்துவிட்டாள். பள்ளம் தோண்டுகிற இயந்திரம் தெருத் தெருவாக வந்தது. கால்வாய்க் கரை வரைக்கும் வந்தது. அங்கே நின்றது, திரும்பியது.

மேஸ்திரியை ஓடிப்போய்ப் பிடித்தாள். அவன் லிஸ்டைக் காட்டினான். "அந்தப் பக்கம் பன்னெண்டு வூட்டுக்கும் ஏற்கனவே கொழா கீதுன்னு போட்டுக் கீதும்மா. இருக்கற வூட்டுக்கு நான் எப்பிடிப் போடறது? மாசக் கடைசில நாங்க வேற ஊரு போயிடுவோம்."

செவ்வாய்க்கிழமை சிட்டிபாபு வந்ததும் கேட்டாள். அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே போனில் தேடினார். வீடு வீடாக அவர் எடுத்திருக்க வேண்டிய சர்வேயை அவர் எடுக்கவில்லை. கையில்தான் காலேஜ் பிள்ளைகள் பஞ்சாயத்துக்கென்று ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் போன அழகான ரிப்போர்ட் இருந்ததே, சீல் வேறு குத்தியிருந்ததே! அதையே தன் சர்வே என்று மேலே அனுப்பிவிட்டார். ஆன்லைனில் ஏறிவிட்டது. ரிப்போர்ட்டின் பிரதியைப் பைக் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். எல்லாம் தெலுங்கு. அவர் படித்துச் சொன்னார். சுலோசனா பார்த்தது எழுத்தை அல்ல, கீழே இருந்த வட்டச் சீலை. பக்கத்தில் குண்டாக ஒரு 'சு'.

தன் வீட்டுக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று தன் கையாலேயே சாட்சி சொல்லியிருந்தாள்.

அன்று மத்தியானம் எனக்குப் போன் வந்தது. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் என் நம்பர் இருந்ததாம்.

"காலேஜ் சாரா? எருக்கமேட்லருந்து சுலோசனா பேசறேன், இட்லிக் கடை. எங்க வூட்டுக்கு உங்க பசங்க கொழா போட்டுக் குடுத்துட்டாங்களாமே. அது எங்க கீதுன்னு வந்து காட்டிட்டுப் போங்க சார். ஒரு வருசமாத் தேடறேன், ஆம்புடல."

நான் என்னென்னவோ சொன்னேன். அது மாணவர்களின் பயிற்சிக்காக எழுதப்பட்டது, அதை அரசாங்க வேலைக்குப் பயன்படுத்தியிருக்கக் கூடாது, நாங்கள் பொறுப்பில்லை என்றெல்லாம். பொறுமையாகக் கேட்டாள்.

"அது சரி சார். திங்கக்கெழம மண்டல ஆபீசுக்கு மனு குடுக்கப் போறேன். யார் எழுதினதுன்னு கேட்டா உங்க பேர் சொல்லட்டுமா, பசங்க பேர் சொல்லட்டுமா?"

ஏப்ரலுக்குப் பின் மே, மேக்குப் பின் ஜூன். மறுநாளே ஸ்ரீஹரியையும் அவன் கூட்டாளிகளையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சேவை மனப்பான்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பயம்தான்.

வழியில் ஸ்ரீஹரியைக் கேட்டேன், ஏன்டா 'ஆம்' என்று போட்டாய்? அவன் தெலுங்கில் சொன்னான், வருத்தமே இல்லாமல். "சார், வீட்டில் குழாய் இருக்கிறதா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டால் அடியில் இன்னும் ஆறு கேள்வி திறக்கும். எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், யார் தூக்குகிறார்கள், எத்தனை குடம், அது இது. 'ஆம்' என்று போட்டால் படிவம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது சார்."

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அப்புறம் அந்தப் படிவத்தைத் தயாரித்தது யார் என்று ஞாபகம் வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சுலோசனா எங்களை உட்காரச் சொல்லவில்லை. வெயிலில் நிற்க வைத்து ஐந்து பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். காலை மடக்க முடியாமல் பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா நைனா, நல்லா கீறீங்களா? போன வருசம் துன்ன இட்லி ஜீரணம் ஆயிடிச்சா?"

ஸ்ரீஹரி வாயைத் திறந்தான். பழக்கம், நன்றியுரை வந்துவிடும் போலிருந்தது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "பேச்செல்லாம் அப்பறம். இன்னிக்கி இன்னும் தண்ணி எடுக்கல. முட்டி வீங்கிக் கீது. குடம் அங்க கீது, கொழா அங்க கீது, என் வூடு அந்தாண்ட கீது. ஊத்திட்டு வாங்க."

பிள்ளைகளுக்குப் புத்தி புகட்ட அவள் அதைச் செய்யவில்லை. அந்த மாதிரி உயர்ந்த எண்ணமெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் வரும். அவளுக்கு அரிசி ஊறவைக்கத் தண்ணீர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஐந்து பேர் தூக்கினார்கள். தென்னை மரத்தின் நடுவில் ஸ்ரீஹரியின் ஷூ வழுக்கியது, குடம் கால்வாய்க்குள் போனது, குடத்தோடு அவனும் முழங்கால் வரை சேற்றில் இறங்கினான். ஒருவரும் போட்டோ எடுக்கவில்லை. ஐந்து வருஷத்தில் எருக்கமேட்டில் நடந்த முதல் சேவைக்குப் படமே கிடையாது. இரண்டாவது நடைக்கு எல்லோரும் ஷூவைக் கழற்றிவிட்டார்கள். பன்னிரண்டு வீட்டுக்கும் போய்க் குழாய் இல்லை என்பதை எழுதினார்கள், அந்த ஆறு கேள்வியையும் ஒரு வீடு விடாமல் கேட்டார்கள். யார் தூக்குகிறார்கள் என்ற கேள்விக்குப் பன்னிரண்டு வீட்டிலும் பதில் ஒன்றுதான், பொம்பளைதான். ஸ்ரீஹரி அதைப் பன்னிரண்டு முறையும் தன் கையாலேயே எழுதினான்.

எழுதி முடித்த காகிதத்தைச் சுலோசனாவிடம் நீட்டினார்கள். அவள் டப்பாவைத் திறந்து, சீலில் ஒட்டிய கடலைத் தோலை ஊதிவிட்டு, குத்தப் போனவள் நிறுத்தினாள்.

"மொதல்ல படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

ஒருவன் தெலுங்கில் முழுதும் படித்தான். கேட்டுவிட்டுக் குத்தினாள். 'சு' போட்டாள்.

திங்கட்கிழமை மண்டல ஆபீசுக்கு ஸ்ரீஹரியைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். போகாவிட்டால் என் பெயர் தனியாக அடிபடும் என்ற பயத்தில். குடிநீர் எஞ்சினீயர் இரண்டு காகிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் பன்னிரண்டு வீட்டுக்கும் குழாய் உண்டு, மற்றதில் ஒரு வீட்டுக்கும் இல்லை. ஒரே ஊர், ஒரே சீல், ஒரே கையெழுத்து. எதை நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு எட்டு வைத்துக் கால்வாய் வரை போய்ப் பார்த்தால் தீர்ந்தது, ஆனால் அது யாருக்கும் தோன்றவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அந்த ஆபீசில் ஏட்டுச் சுரைக்காயை நறுக்கி, தாளித்து, பரிமாறியே விட்டார்கள்.

சிட்டிபாபு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மொதல்லது கரெக்ட் சார். அதி நா சந்தகமே" என்றார். முதலாவது தன் கையெழுத்துதானாம். "ரெண்டாவது யாரோ என் சீலை எடுத்துக் குத்திக் கீறாங்க."

சுலோசனா அவரையே பார்த்தாள். ஐந்து வருஷமாக அவள் கையால் சாப்பிட்ட மனிதர். அவள் நினைத்திருந்தால் அழுதிருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம், அப்புறம் பார்ப்போம் என்று அனுப்பியிருப்பார்கள். வாயைத் திறந்தால் அவளுக்கே ஆபத்து. அரசாங்க முத்திரையைக் குத்தினவள் அவள், அடுத்தவர் கையெழுத்தைப் போட்டவளும் அவள். கேஸ் என்று வந்தால் முதல் பெயர் அவளுடையது. இதெல்லாம் எனக்கு அந்த அறையில் நின்றபோது தோன்றியது. அவளுக்கு முந்தின நாளே தோன்றிவிட்டது போலிருக்கிறது. பையிலிருந்து பொட்டுக்கடலை டப்பாவை எடுத்து எஞ்சினீயரின் மேசை மேல் வைத்துத் திறந்தாள்.

"பஞ்சாயத்து சீல் இங்க கீது சார். அஞ்சு வருசமா இதுலதான் கீது. மொதல் காயிதத்துல குத்தினது நானு, ரெண்டாவதுலயும் குத்தினது நானு. அது செக்ரட்ரி சந்தகம் இல்ல. தமிழ்ல சு. சுலோசனாக்கு சு. மொதல்ல குத்தினது பொய்னு தெரியாம குத்தினேன். இத தெரிஞ்சு குத்தினேன். என்ன இன்னா பண்ணணுமோ பண்ணுங்க. கொழா போட்டுட்டுப் பண்ணுங்க."

எஞ்சினீயருக்குத் தமிழ் படிக்க வராது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் தமிழ்தானே? இது என்ன எழுத்து?"

சிட்டிபாபு என்னைப் பார்த்தார். ஸ்ரீஹரி என்னைப் பார்த்தான். எனக்கு ஜூன் மாதம் கண்முன் வந்து நின்றது. தெரியவில்லை, கிறுக்கல் மாதிரி இருக்கிறது என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லியும் இருப்பேன். அவள் மட்டும் என்னைப் பார்க்கவில்லை, டப்பா மூடியில் ஒட்டியிருந்த கடலைத் தோலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லுவேன் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

"சு" என்றேன்.

அதற்குப் பிறகு அறையில் நடந்ததைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எஞ்சினீயர் எழுந்து கதவைச் சாத்தினார். இது வெளியே போனால் ஐந்து வருஷத்துக் காகிதமெல்லாம் கிளறப்படும், செக்ரட்டரிக்கு வேலை போகும், பொய் சர்வேயை ஆன்லைனில் ஏற்றிய தன் ஆபீசும் பதில் சொல்ல வேண்டும். ஒரு பெண்பிள்ளை முட்டி தேய்ந்து ஆறு நடை நடந்ததற்கு அசையாதவர்கள், ஒரு ரப்பர் முத்திரை டப்பாவிலிருந்து வெளியே வந்ததும் எப்படிப் பதறினார்கள்! பதினைந்து நிமிஷத்தில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதி, பன்னிரண்டு வீட்டையும் லிஸ்டில் சேர்த்தார்கள். சீலைச் சிட்டிபாபு வாங்கிக்கொண்டார். டப்பாவை மட்டும் அவளிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

புதன்கிழமை குழாய் கால்வாயைத் தாண்டியது.

சிட்டிபாபு இப்போது அவள் கடைக்கு வருவதில்லை. வீட்டிலிருந்து கேரியரில் கொண்டுவந்து, பூட்டை உடைத்த ஆபீசில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். அப்படியாவது ஆபீஸ் திறந்தது. ஸ்ரீஹரி கூட்டத்தின் மார்க்கைத் திருத்தலாமா என்று நான் காலேஜில் கேட்டேன். போன வருஷ மார்க்கைத் தொட முடியாது என்றார்கள். பொய்க்குப் போட்ட தொண்ணூற்றிரண்டு அப்படியே இருக்கிறது, நிஜத்துக்குக் கட்டம் கிடையாது. ஆனால் தண்ணீர் வந்த செய்தி எங்கள் பிரின்சிபால் காதுக்கு எட்டியது. இந்த வருஷத்து விளம்பரப் புத்தகத்தில் முதல் பக்கம், 'எங்கள் மாணவர்கள் எருக்கமேட்டுக்குக் கொண்டுவந்த குடிநீர்'. படம் வேண்டுமே? அந்தக் குழியில் மரம் நட்ட படத்தையே போட்டுவிட்டார்கள். படத்தின் ஓரத்தில் ஆடு தெரிகிறது.

காலேஜ் விழாவில் சுலோசனாவுக்குச் சால்வை போர்த்த வேண்டுமாம். அழைப்பிதழை எடுத்துக்கொண்டு ஜூன் முதல் வாரம் நான் போனேன். வீட்டு வாசலில், துளசி மாடத்துக்குப் பக்கத்தில், குழாய். அவள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் சீராக விழுந்துகொண்டிருந்தது. ஒரு சொம்பு பிடித்து எனக்குக் கொடுத்தாள்.

அழைப்பிதழை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தெலுங்கும் இங்கிலீஷும். "சால்வ எனக்கு எதுக்கு சார், இந்த வெயில்ல. கடைய யார் பாப்பாங்க?" என்று சொல்லி அரிசி மூட்டை மேல் வைத்தாள். பிறகு குழாயை மூடினாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா சார்? கோச்சுக்காதீங்க."

"கேளும்மா."

"எனக்குத் தெலுங்கு படிக்க வராது, படிக்காம குத்தினேன். உங்களுக்குத்தான் எல்லாம் படிக்க வருதே. கடசிப் பக்கத்துல நீங்களும் கையெய்த்து போட்டுக் கீறீங்க. நீங்க ஏன் சார் படிக்கல?"

கேலி இல்லை, கோபம்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். சொன்ன பிறகுதான் அது ஸ்ரீஹரி சொன்ன வார்த்தை என்று தெரிந்தது.

என் வேலையைப் புதுப்பித்துவிட்டார்கள். இந்த வருஷத்து ரிப்போர்ட்டுகள் அறுபத்திரண்டு என் மேசை மேல் அடுக்கியிருக்கின்றன. இந்த முறை ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவது என்று முடிவு செய்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். நேரில் சென்று சரிபார்த்தேன் என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது. வருஷா வருஷம் செய்கிற மாதிரியே, பிள்ளைகள் ஊருக்குப் புறப்படுவதற்கு முன்னால், மார்ச் மாதத்திலேயே, அறுபத்திரண்டு வெற்றுப் பக்கத்திலும் நான் போட்டுக் கொடுத்துவிட்டிருந்தேன்.